கடின நீரும் மென்னீரும்

நாம் தணிக்கைக்குச் செல்லும் ஊர்களில் அங்கத்தினர்கள் அடிக்கடி வினவுவது இது: “ஆழ்குழாய்த் தண்ணீரில் சவுக்காரம் நுரைப்பதில்லை, மென்னீராக்கும் இயந்திரம் வாங்கலாமா?” பெருஞ் செலவுள்ள காரியமாதலின் தீர ஆராய்தல் நலம்.

நீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுதியாகக் கரைந்திருப்பின் அது கடின நீராகும். அந்நீரில் சவுக்காரம் நுரைக்குமுன் திரிந்து கசடாகிறது. அக்கசடு நூலில் படிந்தால் சாயம் ஒருசீராக ஏறாது. சிட்டத்திற்குச் சிட்டம் நிறம் மாறும். சாயமிடுவோர்க்கு இது மெய்யான நஷ்டமே.

ஆயினும் குடிப்பதற்கு அது நஞ்சன்று. 2012-ஆம் ஆண்டின் இந்தியக் குடிநீர்த் தரம், லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிட்டாவிடில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் வகுத்துள்ளது.

இயந்திரத்தின் செயலையும் நோக்குவோம். அதிலுள்ள பிசின் மணிகள் சுண்ணாம்பைப் பற்றிக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. 400 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள ஒரு லிட்டர் நீரில் இவ்வாறு சேரும் சோடியம் ஏறத்தாழ 184 மில்லிகிராம். உப்பைக் குறைக்குமாறு மருத்துவர் பணித்தவர்க்கு இது உகந்ததன்று. நீரின் உப்புக் கரிப்பும் இதனால் நீங்காது. மேலும், மணிகளைப் புதுப்பிக்க உப்புக் கரைசல் செலுத்த வேண்டும். அக்கழிவு நீரை வாழைக்கோ கத்தரிப் பாத்திக்கோ பாய்ச்சினால் பயிர் கருகும். களிமண் நிலம் இறுகி நீரை உள்வாங்காது போகும். ஒருவர் சலவையின் வசதி அடுத்தவர் தோட்டத்திற்குக் கேடாகலாகாது.

பின் செய்யத்தக்கது யாது? இரண்டு சீசாக்களில் மழைநீரும் கிணற்று நீரும் சம அளவில் ஊற்றி, ஒரே அளவு சவுக்காரத் துருவலிட்டுக் குலுக்குக. நுரையின் வேறுபாடே கடினத்தைக் காட்டும். நீரைக் காய்ச்சினால் கடினத்தின் ஒரு பகுதி பாத்திரத்தில் காரையாகப் படிந்துவிடும். 1841-இல் அபர்டீன் பேராசிரியர் தாமஸ் கிளார்க் உரிமை பெற்ற முறைப்படி, சுண்ணாம்பு சேர்த்தும் அப்பகுதியைப் படியச் செய்யலாம். காய்ச்சியும் நீங்காததைச் சலவைச் சோடா நீக்கும். நீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கொண்டே அளவுகளை முடிவு செய்க.

யாவற்றினும் எளியது மழைநீர்; அது இயல்பிலேயே மென்னீர். சங்கக் கட்டடத்தின் கூரைநீரைப் பொதுத் தொட்டியில் சேமித்தால் சாயத்திற்கு உதவும். தனித்தனியே இயந்திரம் வாங்கும் செலவை விட, பலர் கூடி ஒரு தொட்டி கட்டும் செலவு ஒவ்வொருவர்க்கும் குறைவாகவே வரும்.

சாயத்திற்கும் சலவைக்கும் மென்னீர். குடிக்கவும் பயிருக்கும் கரிப்பில்லாத கிணற்று நீர். இவ்வாறு பகுத்துப் பயன்படுத்தினால் பணமும் மிஞ்சும், மண்ணும் பிழைக்கும்.