புணே மாணவி எழுதிய கட்டுரை

பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது, புணே அப்பா பல்வந்த் சவுக்கின் புத்தகக் கடைகளில் நிற்க இடம் இராது. கணிதம், அறிவியல், வரலாறு என ஒவ்வொரு பாடத்திற்கும் வினா-விடை நூல்கள். மொழிப்பாடங்களுக்கு மாதிரிக் கட்டுரைத் தொகுப்புகள். என் மகளுக்கும் ஒன்று வாங்கினேன். 'மழைக்காலம்' பற்றி அவள் மனப்பாடம் செய்த கட்டுரையில் மயில் ஆடிற்று. எங்கள் குடியிருப்பில் தேங்கும் நீர் இடம்பெறவில்லை. (கல்விக் கடன் கோரும் விண்ணப்பங்களிலும் இத்தகைய மயில்களைக் காண்கிறேன்.)

அக்கடைத்தெருவிற்கு அருகிலிருந்த பிடே வாடாவில்தான் 1848இல் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினர். அவர்களது பள்ளியில் பயின்றவர் முக்தா சால்வே. ஒடுக்கப்பட்ட மாங் சமூகத்தைச் சேர்ந்த சிறுமி. மாங், மகார் மக்களின் துயரம் குறித்து அவர் எழுதிய கட்டுரை 1855இல் 'ஞானோதயா' இதழில் வெளிவந்தது. வேதங்களைப் படிக்கும் உரிமை தம் மக்களுக்கு இல்லையெனில் தமக்குரிய சமய நூல் எது என்று அதில் வினவுகிறார். கூரையின்றி மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் தாய்மாரின் நிலையை எடுத்துரைத்து, படிப்போர் தம் அனுபவத்தைக் கொண்டே அதனை எண்ணிப் பார்க்கட்டும் என்கிறார்.

கூற்று, கண்ணால் கண்ட சான்று, அதிலிருந்து எழும் வினா. வரலாறு, அறிவியல் விடைத்தாள்களும் வேண்டுவது இதனையே. சான்று மட்டும் கடையில் கிடைக்காது.

மகளிடம் இதனைக் கூறியபோது, "மதிப்பெண் கிடைக்குமா அப்பா?" என்றாள். உறுதி கூற என்னால் இயலவில்லை. எனினும் மயிலை நீக்கிவிட்டு, மாடிப்படி வரை ஏறிய நீரைப் பற்றி எழுதினாள். அரைப் பக்கமே வந்தது. மறுநாள் மீண்டும் எழுத அமர்ந்தாள்.