பந்து வீசியவர் பயிற்சியாளர் ஆனார்



கோடை விடுமுறை வந்துவிட்டால் நமது நெல்லைச் சீமையில் பள்ளி மைதானம், ஆலய வளாகம், தண்ணீர் வற்றிய குளம் என எங்கும் கிரிக்கெட்தான். சங்கர் நகர் மைதானத்தில் 2016-ஆம் ஆண்டு தமிழ்நாடு பிரீமியர் லீக் போட்டிகள் நடந்தபிறகு நம் பிள்ளைகளின் கனவும் பெரிதாகிவிட்டது. ஆனால் விளையாடும் காலம் குறுகியது. வேகப்பந்து வீசுபவருக்கோ அது இன்னும் குறுகியது. அதற்குப் பின் என்ன? ஒருவரின் வாழ்வைக் கொண்டு சிந்திப்போம்.

தமிழக அணியின் வேகப்பந்து வீச்சாளராக இருந்தவர் பரத் அருண். 1986 டிசம்பரில், இலங்கைக்கு எதிராகக் கான்பூரில் தம் முதல் டெஸ்ட் போட்டியில் ஆடினார். மொத்தம் 2 டெஸ்ட் போட்டிகள், 4 விக்கெட்டுகள். 4 ஒருநாள் போட்டிகள், 1 விக்கெட். அத்தோடு இந்திய அணியில் அவரது ஆட்டம் முடிந்தது. 1987-88-இல் ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழக அணியில் அவர் இருந்தார் என்பது ஓர் ஆறுதல்.

இந்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர், "பாவம், வாய்ப்புக் கிடைக்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆனால் அருண் பயிற்சியாளர் ஆனார். 2012-இல் 19 வயதிற்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணிக்கு அவரே பயிற்சியாளர். 2014-இல் இந்திய அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். இடையில் விலகி, 2017 முதல் 2021 வரை மீண்டும் அப்பணியைச் செய்தார்.

பந்துவீச்சுப் பயிற்சியாளரின் வேலை என்ன? ஓடிவரும் வேகம், கால் ஊன்றும் விதம், மணிக்கட்டின் நிலை ஆகியவற்றைக் கவனித்துத் திருத்துவது. தம்மைப்போல வீசச் சொல்லாமல், அந்த இளைஞனின் உடலுக்கு ஏற்றதைக் கண்டுபிடிப்பது. அவன் சோர்ந்திருக்கும்போது உடனிருப்பது. ஆனால் விழுகிற விக்கெட்டுகளில் ஒன்றுகூட அவர் பெயரில் எழுதப்படுவதில்லை!

ஐதராபாத் அணிக்குப் பயிற்சி அளித்தபோது, ஆட்டோ ஓட்டுநரின் மகனான முகமது சிராஜின் திறமையை அருண் கண்டுகொண்டார். 2020 நவம்பரில் இந்திய அணி ஆஸ்திரேலியாவில் இருந்தபோது சிராஜின் தந்தை இறந்தார். சிராஜ் அணியுடனே தங்கினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் போட்டிக்கு முன் பும்ரா, அஸ்வின், ஜடேஜா எல்லாரும் காயத்தால் விலக, புதியவர்களே பந்து வீச வேண்டியதாயிற்று. சேலம் மாவட்டத்து நடராஜனும், சென்னையின் வாஷிங்டன் சுந்தரும் தங்கள் முதல் டெஸ்டிலேயே முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு 3 விக்கெட் எடுத்தனர். இரண்டாம் இன்னிங்ஸில் சிராஜ் 5 விக்கெட் வீழ்த்தினார். 1988-க்குப் பின் அந்த மைதானத்தில் டெஸ்டில் தோற்காத ஆஸ்திரேலியா அன்று தோற்றது.

திருவிவிலியத்திலும் இத்தகைய ஒருவரைச் சந்திக்கிறோம். அவர் பர்னபா. எல்லாரும் சவுலுக்கு அஞ்சியபோது அவரைத் திருத்தூதர்களிடம் அழைத்துச் சென்றவர். பின்னர் தர்சு நகர்வரை தேடிப்போய் அவரை அந்தியோக்கியாவுக்குக் கூட்டிவந்தவர். திருத்தூதர் பணிகள் நூலில் தொடக்கத்தில் "பர்னபாவும் சவுலும்" என்றிருக்கும் வரிசை, போகப்போகப் "பவுலும் பர்னபாவும்" என மாறுகிறது. இதற்காகப் பர்னபா வருந்தியதாக அந்நூலில் எங்கும் இல்லை.

நம் பங்குகளை எண்ணிப் பார்ப்போம். இருபது ஆண்டுகளாக வாசகம் வாசிப்பவர், ஆர்மோனியம் இசைப்பவர், அன்பியத்தை நடத்துபவர் எனப் பலர் உண்மையாய் உழைக்கிறோம். ஆனால் நமக்குப் பின் யார்? "இந்தக் காலத்துப் பிள்ளைகள் கோவிலுக்கு வருவதில்லை" என்று குறைப்படுகிறோம். வந்த பிள்ளையின் கையில் எந்தப் பொறுப்பைக் கொடுத்தோம்? ஒருமுறை தடுமாறினால் உடனிருந்து திருத்தினோமா, அல்லது பறித்துக்கொண்டோமா?

இடத்தை விட்டுக்கொடுப்பது வலிக்கும். ஆயினும் பணி அத்துடன் முடிவதில்லை. வேறு வடிவம் எடுக்கிறது. வருகிற ஞாயிறு நம் பங்கில் ஓர் இளைஞரையோ இளம்பெண்ணையோ அழைத்து, நமக்குத் தெரிந்த ஒன்றைக் கற்றுக்கொடுக்கத் தொடங்குவோம். பர்னபாவின் பெருந்தன்மையை இறைவன் நமக்கும் அருள்வாராக!