வீடு தேடி வந்த வைத்தியம்: மெடிகேர், அன்றும் இன்றும்

அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகள் பலருக்கும் மத்திய அரசு நடத்தும் மருத்துவக் காப்பீடு மெடிகேர். ஆறு கோடிக்கும் மேற்பட்டோர் அதை நம்பி இருக்கிறார்கள். மெடிகேர் எதற்குப் பணம் தருகிறதோ அது ஊரெங்கும் நடக்கும். தராதது பெரும்பாலும் ஏட்டோடு நின்றுவிடும். தொலைமருத்துவத்துக்கும் அதுவே நேர்ந்தது. நோயாளியை வீடியோவில் பார்க்கும் வசதி எப்போதோ வந்துவிட்டது. அதற்குத் தாராளமாகப் பணம் கொடுக்க அரசு முன்வந்ததோ, ஒரு கொள்ளைநோய் வந்த பிறகுதான்.

அன்று

1999-லேயே மெடிகேர் தொலைமருத்துவத்துக்குக் கட்டணம் கொடுக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு நிறைவேறிய சட்டம் அதைக் கொஞ்சம் விரிவாக்கியது. ஆனால் நிபந்தனைகள் கெடுபிடியானவை. நோயாளி கிராமப்புறத்தில் இருக்க வேண்டும். அதிலும் வீட்டிலிருந்து பேசினால் செல்லாது. அங்கீகரிக்கப்பட்ட கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ போய் உட்கார வேண்டும்.

சோளக்காடுகளுக்கு நடுவே தனியே வசிக்கும் ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். இதய நிபுணர் இருப்பது பல மணி நேரப் பயணத்துக்கு அப்பால். யாராவது காரில் கொண்டுபோய்விட்டால் பக்கத்து ஊர் கிளினிக்குக்குப் போகலாம். அங்கே நர்ஸ் அவரை ஒரு தனி அறையில் உட்காரவைத்து கேமராவைப் போடுவார். திரையில் டாக்டர் வருவார். இடம் கொடுத்ததற்காக கிளினிக்குக்கு மெடிகேர் தொடக்கத்தில் கொடுத்தது 20 டாலர். அதே மூதாட்டி தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து அதே டாக்டரிடம் பேசியிருந்தால், டாக்டருக்கு மெடிகேரிடமிருந்து ஒரு காசு கிடைத்திருக்காது. நகரத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தவருக்கு இந்த வழியும் இல்லை. பக்கவாதம், போதை அடிமைத்தனம் போன்ற சிலவற்றுக்குப் பிற்காலத்தில் விலக்கு கிடைத்தது, மற்றவர்கள் காத்திருந்தார்கள். அரசின் கணக்குப்படி, 2019-ஆம் ஆண்டு முழுவதும் மெடிகேரில் நடந்த தொலைமருத்துவச் சந்திப்புகள் சுமார் 8.4 லட்சம் மட்டுமே.

அவசரநிலை

2020 ஜனவரி 31 அன்று, கோவிட் கொள்ளைநோயை முன்னிட்டு, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மார்ச் 6-இல் கையெழுத்தான 830 கோடி டாலர் அவசர நிதிச் சட்டத்தில், மெடிகேரின் தொலைமருத்துவ விதிகளைத் தளர்த்தும் அதிகாரமும் சேர்ந்தே வந்தது. மார்ச் 17 அன்று, மெடிகேரை நிர்வகிக்கும் அமைப்பின் தலைவர் சீமா வர்மா அறிவித்தார்: இனி எந்த ஊரிலிருந்தும், வீட்டிலிருந்தபடியே, டாக்டரைப் பார்க்கலாம், நேரில் பார்த்தால் என்ன கட்டணமோ அதே கட்டணம். ஃபேஸ்டைம், ஸ்கைப் போன்றவற்றை நல்லெண்ணத்தோடு பயன்படுத்தும் டாக்டர்களுக்கு அந்தரங்கத் தகவல் சட்டத்தின்கீழ் அபராதம் கிடையாது என்ற உறுதியும் அதே நாளில் வந்தது.

அதன் பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. வீடியோ பேசக்கூடிய போனோ, அதற்கான இணைய வேகமோ இல்லாத முதியவர்கள் ஏராளம். சாதாரண போனில் பேசிய ஆலோசனைக்கு மெடிகேர் கொடுத்தது 14 முதல் 41 டாலர் வரைதான். ஏப்ரல் 30-இல் அதை 46 முதல் 110 டாலர் வரை உயர்த்தினார்கள். வசதி குறைந்தவர்களுக்கு மிகவும் உதவிய முடிவு இதுதான் என்பேன்.

கருவி வாங்கவும் பணம் வந்தது. மார்ச் 27-இல் சட்டமான கேர்ஸ் சட்டம், மத்தியத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யிடம் 20 கோடி டாலரை ஒப்படைத்தது. ஏப்ரல் 13 முதல் விண்ணப்பம் வாங்கி, ஜூலைத் தொடக்கத்துக்குள் 539 விண்ணப்பங்களுக்கு மொத்த நிதியையும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். நோயாளிகளின் வீடுகளுக்கு டேப்லட்டும், ஹாட்ஸ்பாட்டும், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் போனது இந்தப் பணத்தில்தான். டிசம்பரில் நிறைவேறிய இன்னொரு சட்டம் மேலும் சுமார் 25 கோடி டாலர் தந்தது.

2020 முடிந்தபோது மெடிகேரின் தொலைமருத்துவச் சந்திப்புகள் 5.27 கோடியைத் தொட்டிருந்தன. ஒரே ஆண்டில் 63 மடங்கு. ஆனாலும் கறுப்பினத்தவரும் கிராமத்து மக்களும் மற்றவர்களை விடக் குறைவாகவே பயன்படுத்தினார்கள். எந்தக் கிராமத்துக்காக இந்தத் திட்டம் முதலில் வகுக்கப்பட்டதோ, அந்தக் கிராமமே பின்தங்கி நின்றது.

இன்று

2023 மே 11-இல் அவசரநிலை முடிந்தது. மனநலச் சிகிச்சையை வீட்டிலிருந்தே பெறும் உரிமை மட்டும் நிரந்தரச் சட்டமாகியிருந்தது. மற்ற தளர்வுகளை நாடாளுமன்றம் முதலில் 2024 இறுதி வரை நீட்டித்தது; பிறகு 2025 மார்ச் வரை; பிறகு செப்டம்பர் வரை.

2025 அக்டோபர் 1 அன்று பட்ஜெட் இழுபறியில் அரசு முடங்கியது. நீட்டிப்பும் அன்றே காலாவதியானது. கிராமம், கிளினிக் என்ற பழைய நிபந்தனைகள் அப்படியே உயிர்பெற்றன. சில மருத்துவமனைகள் சந்திப்புகளை ரத்து செய்தன; சில, பணம் வருமென்ற நம்பிக்கையில் பில்லை நிறுத்தி வைத்துக்கொண்டு சேவையைத் தொடர்ந்தன. 43 நாள் முடக்கம் நவம்பர் 12-இல் முடிந்தபோது, தளர்வுகளை மீண்டும் நீட்டித்து, இடைப்பட்ட நாட்களுக்கும் சேர்த்துப் பணம் தர வழிசெய்யப்பட்டது. அந்த நீட்டிப்புக்கும் கெடு வைத்தார்கள்: 2026 ஜனவரி 30.

நிரந்தரமாக்கத் தயங்குவோர் சொல்லும் காரணங்கள் இரண்டு: செலவு கூடும், மோசடி பெருகும். இரண்டாவதற்கு அரசின் சொந்தத் தணிக்கையே பதில் சொல்கிறது. சுகாதாரத் துறையின் தலைமைத் தணிக்கை அலுவலகம், பெருந்தொற்றின் முதல் ஆண்டில் தொலைமருத்துவத்துக்கு பில் போட்ட சுமார் 7,42,000 பேரின் கணக்குகளை அலசியது. பலத்த சந்தேகத்துக்கு இடமளித்தவர்கள் 1,714 பேர். ஆயிரத்துக்கு மூன்று பேர்கூட இல்லை. அந்த 1,714 பேரையும் தேடிப் பிடிக்க வேண்டியதுதான். அதற்காக மற்றவர்களின் நோயாளிகளைத் தண்டிக்கக் கூடாது.

செலவைப் பற்றிய கவலையை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் சலுகையை நம்பி எந்தச் சிறிய மருத்துவமனை கருவி வாங்கும், ஆள் நியமிக்கும்? நெருக்கடியில் சில வாரங்களில் எடுத்த முடிவு கோடிக்கணக்கானோருக்குப் பயன்பட்டிருக்கிறது. வீட்டிலிருந்து டாக்டரைப் பார்க்கும் உரிமை, சாதாரண போன் ஆலோசனைக்கு நியாயமான கட்டணம், கிராமங்களுக்கு இணைய வசதி, இவற்றோடு கறாரான தணிக்கை: இந்த நான்கையும் ஒரே சட்டத்தில் எழுதி, காலக்கெடு இல்லாமல் நிறைவேற்ற வேண்டும். கொள்ளைநோய் முடிந்தாலும் மூப்பும் தூரமும் முடிவதில்லை.