ஆயர் தவறினால் ஞானஸ்நானம் செல்லுமா?

நம்பிய தலைவர் வழுக்கி விழுந்தால் விசுவாசி யாரைப் பார்த்து நடப்பது என்ற கேள்வி கிறிஸ்தவத்துக்குப் புதிதல்ல. தன் நாயகர்களின் குற்றங்களை வேதாகமமே மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. உரியாவின் மனைவியைக் கவர்ந்து, அவனைப் போர்முனையில் சாகவிட்ட தாவீது அதில் இருக்கிறார்; குருவை மூன்று முறை மறுதலித்த பேதுருவும் இருக்கிறார். கொரிந்து சபையார் பவுல் கட்சி, அப்பொல்லோ கட்சி என்று பிரிந்தபோது, தன் பெயரில் கட்சி கட்டியவர்களையும் விடாமல் பவுல் கடிந்துகொண்டார். எபிரெயர் நிருபத்தின் 11ஆம் அதிகாரம் முன்னோர் பலரைப் போற்றுகிறது. அடுத்த அதிகாரமோ கண்ணை இயேசுவின் மேல் வைக்கச் சொல்கிறது. சோதிக்கப்பட்டும் பாவம் செய்யாதவர் அவர் என்றும் அந்த நிருபம் சொல்கிறது.

மனிதத் தலைவரை அல்ல, இயேசுவையே பார்க்க வேண்டும் என்ற இந்தக் கொள்கை கடுமையாக உரசிப் பார்க்கப்பட்ட இடம் வட ஆப்பிரிக்கா. 303இல் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன், தேவாலயங்களை இடிக்கவும் வேதநூல்களை எரிக்கவும் ஆணையிட்டார். சிலர் உயிரைக் கொடுத்தார்கள். சிலர் நூல்களைக் கொடுத்து உயிர் தப்பினார்கள். கார்த்தேஜ் ஆயர் மென்சூரியஸ், தான் கொடுத்தவை சபை தள்ளிவிட்ட பதிதர்களின் நூல்கள்தான் என்றார். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் எல்லோரும் அதை நம்பவில்லை. அடுத்து ஆயரான செசிலியனைத் திருநிலைப்படுத்திய பெலிக்ஸ் மீதும் நூல்களை ஒப்படைத்த பழி விழுந்தது. பழிபட்டவர் அளித்த பதவி செல்லாது, அந்தப் பதவியில் இருப்பவர் தரும் ஞானஸ்நானமும் செல்லாது என்று ஒரு தரப்பு பிரிந்தது. அதன் தலைவர் டொனாட்டஸ். விசாரணையில் பெலிக்ஸ் குற்றமற்றவர் என்று தெரிந்த பிறகும் பிளவு நூறாண்டுக்கு மேல் நீடித்தது.

டொனாட்டஸ் தரப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உறவினரைச் சிறையிலும் கொலைக்களத்திலும் இழந்தவர்கள், நூல்களை ஒப்படைத்தவர் கையால் அப்பமும் ரசமும் வாங்க மறுத்தது இயல்பே. ஆனால் அவர்கள் வழியில் போனால், தனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரின் மனச்சாட்சியை ஒவ்வொருவரும் துருவ வேண்டும். அவருக்குக் கொடுத்தவரையும் துருவ வேண்டும். ஹிப்போ ஆயர் அகஸ்டின் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். பேதுரு கொடுத்தாலும் யூதாஸ் கொடுத்தாலும் ஞானஸ்நானம் தருபவர் கிறிஸ்துவே, ஊழியரின் தகுதியின்மை அதைக் கெடுக்காது என்று அவர் வாதிட்டார். 411இல் கார்த்தேஜில் இரு தரப்பு ஆயர்களும் நூற்றுக்கணக்கில் கூடி வாதாடினார்கள். தீர்ப்பு டொனாட்டஸ் தரப்புக்கு எதிராக வந்தது. அதே அகஸ்டின், பிரிந்தவர்களை அரச பலத்தால் வழிக்குக் கொண்டுவரவும் சம்மதித்தார். அவரையும் குறையற்ற நாயகராக்க வழியில்லை.

அகஸ்டினின் விடை ஞானஸ்நானம் என்ற அருட்சாதனத்தைக் காக்கிறது. தவறியவரால் காயப்பட்டவரைக் காக்க அது போதாது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு சேர்ந்து வாழும் 'லார்ஷ்' இல்லங்களை 1964இல் பிரான்சில் தொடங்கிய ஜான் வனியே, வாழும்போதே புனிதராகப் பார்க்கப்பட்டவர். அவர் 2019இல் இறந்தார். ஆன்மீக வழிகாட்டுதலின் பெயரில் பெண்களைப் பாலியல்ரீதியாகச் சுரண்டியவர் அவர் என்று லார்ஷ் அமைப்பே விசாரித்து 2020இல் அறிவித்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் குறைந்தது 25 பேர் என்றது 2023இல் வந்த விரிவான அறிக்கை. நிறுவனரின் பெயரைக் காப்பாற்றுவதைவிட உண்மையை வெளியிடுவதே முக்கியம் என்று அந்த அமைப்பு முடிவெடுத்தது. இல்லங்கள் தொடர்ந்து இயங்குகின்றன. கத்தோலிக்கத் திருச்சபையும் 2019இல், பாலியல் கொடுமை பற்றி அறியும் குருக்களும் துறவியரும் அதைத் திருச்சபை அதிகாரிகளிடம் முறையிட்டாக வேண்டும் என்று சட்டமாக்கியது. ஆயர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் முறையும் அதில் வகுக்கப்பட்டது. வத்திக்கான் அங்கீகரித்த சர்வதேசப் பொதுநிலையினர் சங்கங்களின் தலைவர்களும் 2023 திருத்தத்தில் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டனர்.