இருக்கை மாறினால் காந்தமும் மாறும்

தம்பலகாமத்து வயல்வரம்பில் உழவருக்குத் துணையாக ஒலிக்கும் சிறு வானொலிப் பெட்டியைத் திறந்து பார்த்தால், மெல்லிய செப்புக்கம்பி சுற்றிய கரிய கோலொன்று தென்படும். காற்றில் மிதந்துவரும் மத்திய அலையைப் பற்றித் தருவது அதுவே. இரும்புத் துண்டுபோல் தோன்றினும், அது மட்பாண்டம்போலச் சூளையிற் சுட்டெடுத்த பொருள். இரும்பு ஒட்சைட்டுடன் நிக்கல் அல்லது மங்கனீசு, நாகம் ஆகியவற்றின் ஒட்சைட்டுகளைக் கலந்து ஆக்கிய இதற்குப் பெரைட்டு என்று பெயர்.

இயற்கையும் ஒரு பெரைட்டை ஆக்கித் தந்துள்ளது. அதுவே பண்டையோர் அறிந்த காந்தக்கல்லான மக்னற்றைற்று. திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டைக் கரையின் கருமணலில் இல்மனைற்றே மிகுதி. மக்னற்றைற்றும் அதனிடையே சிறிதளவு உண்டு. இரத்தினபுரியிற் கிடைக்கும் ஸ்பினெல் மணிக்கும் மக்னற்றைற்றுக்கும் உள்ளமைப்பு ஒன்றே. 1915 இல் பிராக் என்பாரும், யப்பானியரான நிசிகாவாவும் எக்ஸ் கதிர்களின் துணைகொண்டு இவ்வமைப்பைத் தனித்தனியே கண்டறிந்தனர்.

அவ்வமைப்பின் ஒவ்வோர் அலகிலும் 32 ஒட்சிசன் அயன்கள் நெருங்கி அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் இடைவெளிகளே உலோக அயன்களின் இருக்கைகள். நான்கு ஒட்சிசன்கள் சூழ்ந்த இருக்கைகளில் 8 அயன்களும், ஆறு ஒட்சிசன்கள் சூழ்ந்த இருக்கைகளில் 16 அயன்களும் அமர்கின்றன.

காந்தத்தின் சூட்சுமம் இங்கேதான் உள்ளது. இருவகை இருக்கைகளிலும் உள்ள அயன்களின் காந்த விசைகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நிற்கின்றன. இதனை 1948 இல் விளக்கிய பிரெஞ்சு அறிஞர் லூயி நேயல், 1970 இல் நோபெல் பரிசு பெற்றார். சித்திரைப் புத்தாண்டில் நடைபெறும் கயிறிழுத்தற் போட்டியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். இரு கட்சியும் இழுக்க, மிஞ்சி நிற்கும் வலுவே வெளியே தெரியும் காந்தம்.

நிக்கல் பெரைட்டில் கட்சிக்கு எட்டாக இரும்பு அயன்கள் பிரிந்து ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. மிஞ்சுவது எட்டு நிக்கல் அயன்களின் வலு மட்டுமே. அவற்றுள் இரண்டை நீக்கி, காந்தவலு சிறிதுமற்ற நாகத்தைச் சேர்த்தால் காந்தம் குறையும் என்றே எவரும் எண்ணுவர். நிகழ்வதோ நேர்மாறு. நாகம் நான்கு ஒட்சிசன்களின் நடுவே அமர்வதையே விரும்புவது; எனவே அங்கிருந்த இரண்டு இரும்பு அயன்கள் எதிர்க்கட்சிக்குப் பெயர்கின்றன. இப்போது இரும்பு ஒருபுறம் ஆறு, மறுபுறம் பத்து. இழுவையின் சமநிலை குலைந்து காந்தவலு பெருகுகிறது. ஆயினும் நாகம் அளவு மீறினால் எதிர்த்திசைப் பிணைப்பே தளர்ந்து காந்தம் குன்றும். நாகமும் இரும்பும் மட்டுமே சேர்ந்த பெரைட்டு, சாதாரண வெப்பநிலையில் நிலையான காந்தமாவதில்லை.

சூளையின் பக்குவமும் இதில் முக்கியமானது. மகனீசியப் பெரைட்டைச் சடுதியாகக் குளிர்வித்தால் அயன்கள் ஒருவிதமாகவும், மெல்ல ஆறவிட்டால் வேறுவிதமாகவும் அமர்கின்றன. கலவை ஒன்றாயினும் காந்தவலு வேறுபடுகிறது.

பெரைட்டில் மின்னோட்டம் எளிதிற் பாய்வதில்லை. ஆதலால், இரும்பில் நேர்வதுபோல விரைந்து துடிக்கும் வானொலி அலையின் ஆற்றல் சுழல்மின்னாகி வீணாவதில்லை. வயல்வெளியிலே கேட்கும் குரலின் தெளிவுக்குப் பின்னால், கண்ணுக்குப் புலப்படாத அயன்கள் தத்தமக்குரிய இருக்கையில் அமர்ந்திருக்கும் ஒழுங்கு உள்ளது. ஒரு பொருளின் குணத்தை அறிய, அதில் என்னென்ன உண்டு என்று கேட்பது போதாது. எது எங்கே இருக்கிறது என்றும் கேட்டல் வேண்டும்.