தட்டியதும் பதில்!

கணக்கு நோட்டைத் திங்கட்கிழமை கொடுக்கிறீர்கள். திருத்திய நோட்டு அடுத்த திங்கட்கிழமைதான் கைக்கு வருகிறது. ஏழாவது கணக்கில் சிவப்பு மையில் ஒரு சுழி! 'இதை ஏன் இப்படிப் போட்டோம்?' என்று யோசித்தால் நினைவுக்கு வருமா? வராது. (நாற்பது நோட்டு திருத்தும் ஆசிரியரையும் குறை சொல்ல முடியாது!)

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதியவர்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் தவித்தார்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் டார்ட்மவுத் கல்லூரி இருக்கிறது. கணிதப் பேராசிரியர் தாமஸ் கர்ட்ஸ் 1956-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது, கல்லூரியில் கம்ப்யூட்டரே கிடையாது. துளையிட்ட அட்டைகளில் கட்டளைகளைப் பதிந்து, ரயிலேறி, பாஸ்டன் பக்கத்திலுள்ள எம்.ஐ.டி.க்குக் கொண்டு போவார். சின்னத் தவறு இருந்தாலும் போச்சு! திருத்திக்கொண்டு மறுபடி ரயில் பயணம்.

இவரும் ஜான் கெமனியும் சேர்ந்து இதற்கு வழி கண்டார்கள். கெமனி, ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளராக இருந்தவர். கம்ப்யூட்டர் ஒன்றுதான்; ஆனால் அதோடு இணைத்த தட்டச்சுக் கருவிகள் பல. ஆசிரியர் பெஞ்சு பெஞ்சாக நடந்து சிலேட்டைப் பார்ப்பதுபோல, கம்ப்யூட்டர் ஒவ்வொருவரையும் சிறிது சிறிது நேரம் மாறி மாறிக் கவனிக்கும். அது வேகமானது அல்லவா? அதனால் எல்லோருக்கும் 'என்னை மட்டுமே கவனிக்கிறது' என்று தோன்றும்! எழுதுவதற்கு எளிதாக 'பேசிக்' என்ற மொழியையும் உருவாக்கினார்கள். இந்த வேலையில் பெரும்பங்கு கல்லூரி மாணவர்களுடையது. 1964 மே 1, அதிகாலை 4 மணிக்கு பேசிக் ஓடியது. 'ரன்' என்று தட்டினால் போதும், காத்திருக்காமல் பதில்!

இன்று உங்களுக்கு ரயிலும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். பைத்தான் மொழி இலவசம். அதோடு வரும் 'ஐடில்' ஜன்னலில் ஒரு கட்டளை தட்டினால், அடுத்த வரியிலேயே விடை. இருந்தும் சிலர் ஐம்பது வரி எழுதி முடித்துவிட்டுத்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள். தப்பு எந்த வரியில் என்று எப்படித் தேடுவது? இரண்டு வரி எழுதியதும் ஓட்டுங்கள். திரையில் ஒரு பாதி புரோகிராமுக்கு, மறு பாதி விடைக்கு. பிழைச் செய்தி வந்தால் பயப்படாமல் அதன் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன தவறு என்பது அங்கேதான் இருக்கும்.

பைத்தானில் 'டர்ட்டில்' என்ற ஆமையும் உண்டு. 100 புள்ளி முன்னே போ, 90 பாகை இடப்பக்கம் திரும்பு. இதை நான்கு முறை சொன்னால் சதுரம். 90-ஐ 60 ஆக்கினால்? கோடு புறப்பட்ட இடத்துக்கு வராது. நான்கை ஆறாக்குங்கள், அறுகோணம் வந்துவிடும்!

அடுத்து 144 பாகை, ஐந்து முறை. என்ன வரும் என்று முதலில் தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆமையை ஓட விடுங்கள். நீங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அடிக்கடி கிறுக்கும் படம்தான் அது!