மலை ஏறுமாண்ணே? ராயகிரியில் இருந்து கொடைக்கானலுக்கு ஒரு மின்கார் கணக்கு

என் சித்தப்பா மகன் ராயகிரியில் வாடகைக் கார் ஓட்டுகிறான். குற்றால சீசனில் சாரல் பார்க்க வருகிறவர்கள், கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிற சாமிகள், நடுநடுவே மதுரை ஆஸ்பத்திரி, கல்யாண வீடு. இதுதான் அவன் பிழைப்பு. பழைய டீசல் வண்டி பத்து வருஷத்தைத் தாண்டிவிட்டது. அடுத்து மின்கார் எடுக்கலாமா என்று யோசிக்கிறான். எடுத்தால் லோன். லோன் என்றால் ஐந்து வருஷம் மாதாமாதம் தவணை. அதனால் போன மாதம் ஊருக்குப் போனபோது என்னைப் பிடித்துக்கொண்டான்.

"ஷோரூம்ல அஞ்சு கிலோமீட்டர் ஓட்டக் குடுத்தான். ரோடு பூரா சமதளம். அதுல என்ன தெரியும்? மலை ஏறுமாண்ணே, அதச் சொல்லு."

நியாயமான கேள்வி. நான் சாப்ட்வேர்காரன். பி.இ. படிக்கும்போது பிசிக்ஸ் கொஞ்சம் படித்தேன், அவ்வளவுதான். ஆனாலும் கேட்டதை விட மனசில்லை. நண்பர் ஒருவர் தன் மின்காரை ஒரு நாளைக்குக் கொடுத்தார். பேட்டரி 40 யூனிட். (கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான், ஒரு கிலோவாட்டை ஒரு மணி நேரம் எடுத்தால் ஒரு யூனிட்.) நாங்கள் ஓட்டிய இடம் கொடைக்கானல்.

ஏன் கொடைக்கானல்?

ஐரோப்பாவில் புது மாடல் கார் வந்தால் ஆல்ப்ஸ் மலைக்குத்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். ஆஸ்திரியாவில் கிராஸ்க்ளாக்னர் என்று ஒரு மலைச்சாலை, 1935-ல் திறந்தது. 48 கி.மீ. நீளம், 36 கொண்டை ஊசி வளைவு, 2,500 மீட்டருக்கு மேல் உயரம். கார் கம்பெனிகள் பல காலமாக அங்கே பிரேக்கையும் எஞ்சினையும் சோதித்து வருகின்றன. பனிச்சறுக்கு விடுதிக்கு ஒரே நாளில் போய்விட்டுத் திரும்புவதுதான் அந்த ஊர்க்காரர்களுக்கு டெஸ்ட் டிரைவ்.

நம்மூரில் பனிச்சறுக்கு கிடையாது. ஆனால் ராயகிரியில் இருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய பெரிய ஏற்றம் இருக்கிறது. வத்தலக்குண்டு சுமார் 300 மீட்டர் உயரம், கொடைக்கானல் சுமார் 2,100. ஐம்பது சொச்சம் கிலோமீட்டருக்குள் 1,800 மீட்டர் ஏறணும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு கணவாய் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. கொடைக்கானல் ஏறி இறங்கிவிட்டால் தம்பியின் வழக்கமான சவாரி எல்லாம் அதற்குள் அடக்கம்.

முந்தின ராத்திரி போட்ட கணக்கு

கிளம்புவதற்கு முன்னாடியே பேப்பரில் போட்டுப் பார்த்தேன். வண்டியும் ஆட்களும் சேர்த்து 1,900 கிலோ. அதை 1,800 மீட்டர் தூக்க எவ்வளவு ஆற்றல்? எடை, புவியீர்ப்பு, உயரம், மூன்றையும் பெருக்கினால் 33.5 மெகாஜூல். யூனிட்டில் சொன்னால் 9.3.

இது வெறும் தூக்குகிற கூலி. டயர் உருளும் உராய்வுக்கும் காற்றைக் கிழிப்பதற்கும் இன்னும் நாலு யூனிட். மோட்டாரிலும் பேட்டரியிலும் வீணாவதையும் சேர்த்தால் மொத்தம் 15 யூனிட். 40 யூனிட் பேட்டரியில் 38 சதவீதம்.

பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஒரு வேடிக்கை. ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் கிட்டத்தட்ட 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அதாவது இந்தக் காரையும் நம்மையும் கொடைக்கானல் உயரத்துக்குத் தூக்க ஒரு லிட்டர் போதும். நடைமுறையில் அந்த ஏற்றத்துக்கு ஐந்து, ஆறு லிட்டர் ஆகிறது. ஏனென்றால் எஞ்சின் நாலில் மூன்று பங்கைச் சூடாக வெளியே விட்டுவிடுகிறது. இன்னொன்று, 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 82 சதவீதம்தான். டர்போ இல்லாத எஞ்சினுக்கு மூச்சு வாங்கும், சக்தியும் ஏறக்குறைய அதே அளவு குறையும். மின்மோட்டாருக்குக் காற்றே வேண்டாம், அதனால் அந்தக் கவலை இல்லை.

இறங்கும்போது என்ன வரும்? 9.3 யூனிட்டில் உராய்வுக்கும் காற்றுக்கும் நாலு போக, ஐந்து சொச்சம் மிச்சம். மின்காரில் ஆக்சிலேட்டரை விட்டால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும், கரண்டைத் திரும்ப பேட்டரியில் போடும். அதிலும் கொஞ்சம் வீணாகும். கடைசியில் கைக்கு வருவது மூன்றரை, நாலு யூனிட். சுமார் 9 சதவீதம்.

ஏற 38, இறங்கினால் 9 திரும்பி வரும். இந்த இரண்டு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிக்கொண்டேன்.

அன்று நடந்தது

ஒரு செவ்வாய்க்கிழமை, அதிகாலை நாலரை மணி, பேட்டரி நூறு. தம்பி ஓட்டினான், பின்னால் அவன் சிநேகிதர்கள் இரண்டு பேர். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், தே.கல்லுப்பட்டி, உசிலம்பட்டி வழியாக வத்தலக்குண்டு சேரும்போது மணி ஏழரை. 135 கி.மீ., பேட்டரியில் 50. சமவெளியில் வண்டி 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட்டுக்குள் குடித்திருக்கிறது.

50-ல் இருந்து 38 போனால் மிச்சம் 12. மேலே சார்ஜர் வேலை செய்யாவிட்டால்? அந்தச் சந்தேகம் இருந்ததால் கீழேயே 80 வரைக்கும் ஏற்றினோம். முப்பத்தைந்து நிமிஷம், அதற்குள் இட்லி சாப்பிட்டு முடிந்தது. பிறகு காமக்காபட்டி சோதனைச் சாவடியில் இ-பாஸ் காட்டினோம். (உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ல் இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். வீட்டிலேயே எடுத்துவிட்டுப் போங்கள்.)

ஏற்றத்தில் வண்டி கத்தவே இல்லை. முன்னால் போன பஸ் வளைவுக்கு வளைவு கியர் மாற்றிக்கொண்டு உறுமியது. இங்கே கியரே கிடையாது, மிதித்தால் போகிறது. தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெள்ளி அருவி தாண்டி ஊருக்குள் நுழையும்போது பேட்டரி 39. கணக்கு 38 என்றது, நிஜத்தில் 41 போயிருக்கிறது. ஏ.சி.க்கும், தம்பி உற்சாகத்தில் இரண்டு லாரியை முந்தியதற்கும் மூன்று சதவீதம்.

"ஏறிருச்சுண்ணே. பெறகென்ன, எடுத்திர வேண்டியதுதான?"

பொறு, இன்னும் இறங்கவில்லை என்றேன்.

இறங்குவதுதான் சோதனை

2001 வாக்கில் காலேஜ் டூர் போய்விட்டு ஒரு மலையில் இருந்து வாடகை வேனில் இறங்கிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் ஏதோ கருகுகிற நாற்றம். டிரைவர் முகம் மாறியதை நான் முன் சீட்டில் இருந்து பார்த்தேன். பெடல் அடிவரை போய்விட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கம் இருந்த மண்மேட்டில் வண்டியைச் சாய்த்து நிறுத்தினார். ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. அன்று என்ன நடந்தது என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆனது.

கணக்கு இதுதான். நம் காரையே எடுத்துக்கொள்வோம். இறங்கும்போது உராய்வும் காற்றும் தின்றது போக 19 மெகாஜூல் மிச்சம் இருக்கிறது. அவ்வளவையும் பிரேக்கே தாங்கணும் என்று வையுங்கள். நாலு சக்கரத்து பிரேக் இரும்பும் சேர்த்து ஒரு 30 கிலோ. காற்றில் கொஞ்சமும் ஆறாவிட்டால் அந்த இரும்பு 1,400 டிகிரி சூடேறணும். வார்ப்பிரும்பு சுமார் 1,200 டிகிரியிலேயே உருகிவிடும்! ஓடுகிற காற்று ஆற்றிக்கொண்டே வருவதால்தான் நாம் பிழைத்துக் கிடக்கிறோம். காலை எடுக்காமல் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் ஆறுவதற்கு நேரம் கிடைக்காது.

உருகுவதற்கு வெகு முன்னாடியே வேறு ஒன்று கெட்டுப்போகும், அது பிரேக் ஆயில். டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும். நாளாக ஆக அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்தால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்கள் மிதிக்கிற மிதி முழுக்க அந்தக் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. அன்று அந்த வேனின் பெடல் அடிவரை போனதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவில் பைக்ஸ் பீக் மலையில் இருந்து இறங்கும் வண்டிகளை நடுவழியில் நிறுத்தி பிரேக் சூட்டை அளப்பார்கள். அதிகமாக இருந்தால் ஆறுகிற வரைக்கும் விடமாட்டார்கள். நம் பழைய டிரைவர்கள் கருவி இல்லாமலே ஒரு விதி வைத்திருந்தார்கள்: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. அப்போது எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் வளைவுக்கு மட்டும்.

மின்காரில் அந்த வேலையை மோட்டார் செய்கிறது. ஒரு மணிக்குக் கிளம்பி மூன்றுக்குக் கீழே வந்தோம். தம்பி பிரேக்கில் கால் வைத்ததே குறைவு. காமக்காபட்டியில் இறங்கி சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன், வெதுவெதுப்புதான். பேட்டரி 39-ல் இருந்து 47 ஆகியிருந்தது. கணக்கு 9, நிஜம் 8.

ஒரு முக்கியமான எச்சரிக்கை

இந்தக் கட்டுரையை எழுதியதே இதற்காகத்தான். மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது என்றால், அந்தக் கரண்டைப் போட பேட்டரியில் இடம் வேணும். நிறைந்த குடத்தில் எங்கே ஊற்றுவது? பேட்டரி 100-ல் இருந்தால் அந்தப் பிடிப்பு பெரும்பாலான வண்டிகளில் வெகுவாகக் குறைந்துவிடும், அல்லது இருக்கவே இருக்காது.

இப்போது யோசித்துப் பாருங்கள். தம்பி ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு மேலே போகிறான். ராத்திரி லாட்ஜில் சார்ஜ் போடுகிறான். காலையில் 100. ஐந்து பேர், மேலே மூட்டை, பனிமூட்டம். நேற்று சமவெளியில் காலை எடுத்தால் நின்ற வண்டி, இன்று முதல் வளைவில் காலை எடுத்தால் நிற்காமல் ஓடுகிறது. குறைப்பதற்கு கியரும் கிடையாது. மிச்சம் இருப்பது பிரேக் மட்டும். அந்த வேன் கதைக்கு நேரே திரும்பி வந்துவிட்டோம்.

தீர்வு அந்தச் சீட்டிலேயே இருக்கிறது. இறங்கினால் 9 சதவீதம் வரும். அப்படியானால் மேலே 90-க்கு மேல் ஏற்றவே கூடாது. பெரும்பாலான மின்கார்களில் இத்தனை சதவீதத்தோடு நிறுத்து என்று செட் பண்ணலாம். எடை கூடினால் வருவதும் கூடும் என்பதால் நான் 85 என்று சொல்லியிருக்கிறேன். பிரேக் ஆயிலை மின்கார்தானே என்று மாற்றாமல் விடுவதும் தப்பு. குறைவாகப் பயன்பட்டாலும் அது ஈரத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

கடைசிக் கணக்கு

வத்தலக்குண்டில் திரும்பவும் சார்ஜ். இந்தத் தடவை இரண்டில் ஒரு சார்ஜர் வேலை செய்யவில்லை, முன்னால் இன்னொரு வண்டி. நாற்பது நிமிஷம் காத்திருப்பு, முக்கால் மணி நேரம் சார்ஜ், 85. ராயகிரி வந்தபோது மணி எட்டரை, பேட்டரி 36.

மொத்தம் சுமார் 380 கி.மீ., 53 யூனிட். பொது சார்ஜரில் எடுத்த 27 யூனிட் ஒன்றுக்கு 22 ரூபாய், மிச்சத்தை வீட்டு கரண்டில் போட்டால் எட்டு ரூபாய் என்று வைத்தாலும் 850-க்குள் முடியும். பெட்ரோல் கார் என்றால் 2,500 ஆகியிருக்கும். ஆனால் சார்ஜருக்காகப் போன நேரம் இரண்டு மணி. குற்றாலம், தென்காசி, மதுரை சவாரிக்கு அது பெரிய விஷயமில்லை. மாலை போட்ட சாமிகளை இறக்கிவிட்டு அன்று ராத்திரியே அடுத்த கூட்டத்தை ஏற்றுகிற சபரிமலை சீசனில் இரண்டு மணி நேரம் என்பது ஒரு சவாரியே போகிற மாதிரி. இதையும் சேர்த்துத்தான் லோன் கணக்கைப் போடணும் என்று அவனிடம் சொன்னேன்.

எடுப்பதா வேண்டாமா என்று நான் சொல்லவில்லை. அது அவன் தவணை, அவன் வீடு. இந்த சீசன் பழைய வண்டியிலேயே ஓட்டிவிட்டு தை பிறந்ததும் முடிவு பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறான். டாஷ்போர்டில் ஒட்டின சீட்டைக் கிழித்து எடுத்து பர்சில் வைத்துக்கொண்டான்.

போகும்போது சொன்னது: "மலை ஏறுமான்னுல்லா கேட்டுக்கிட்டு அலைஞ்சேன். எறங்குமான்னு கேக்கத் தோணலயேண்ணே."